இசிஜி நார்மல்னா இதயமும் நார்மலா? வாசகர் கேள்விகளுக்கு இதய மருத்துவர்களின் பதில்கள்

இதயப் பரிசோதனைகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பல கடிதங்கள் ரிப்போர்ட் நகலோடு வந்தன. நகலை மட்டும் வைத்து யாருக்கும் வைத்தியம் சொல்ல முடியாது. ஆனால் அதில் உள்ள சொற்களும் எண்களும் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று விளக்கலாம். பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பாவுக்கு வயது 67. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சில் அழுத்தம், வியர்வை. பக்கத்து கிளினிக்கில் இசிஜி எடுத்து, ‘நார்மல், கேஸ்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். அப்படியானால் முதல் இசிஜி தப்பா?
— வாசகர், பெரம்பூர்

இசிஜி தப்பாக இருக்க வேண்டியதில்லை. அதை வைத்து எடுத்த முடிவுதான் தப்பு.

சாதாரண இசிஜி சுமார் பத்து விநாடி நேரத்து மின்பதிவு. அந்தப் பத்து விநாடியில் இதயத் தசை ரத்தமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தால், அதுவும் கருவி பார்க்கும் பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தால்தான் கோடு மாறும். ரத்தக்குழாயில் உறைந்த கட்டி சில நேரம் முழுதாக அடைக்கும், பிறகு கொஞ்சம் விலகும், மறுபடி அடைக்கும். விலகியிருக்கும் நேரத்தில் எடுத்தால் கோடு இயல்பாகவே இருக்கும். இதயத்தின் பின்சுவருக்குப் போகும் குழாயில் அடைப்பு என்றால் வழக்கமான 12 கோணப் பதிவில் அது சரியாகத் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் முதுகுப் பக்கமாக வி7, வி8, வி9 என்ற இடங்களிலும் எலக்ட்ரோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே வலியோடு வருபவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் முதல் இசிஜி. அது நார்மல், ஆனால் வலி நிற்கவில்லை என்றால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப இசிஜி. கூடவே ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை. இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம் இது. வலி தொடங்கி 3, 4 மணி நேரம் ஆனபிறகுதான் தெளிவாக உயரும். எட்டு மணிக்கு வலி, எட்டரைக்கு ரத்தம் எடுத்து ‘ட்ரோபோனின் நெகட்டிவ்’ என்று வந்தால் அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. பழைய வகைப் பரிசோதனை என்றால் 6 மணி நேரம் கழித்தும், நுண்ணிய வகை என்றால் 1 முதல் 3 மணி நேரத்திலும் இரண்டாவது முறை பார்க்க வேண்டும். இரண்டு அளவுக்கும் நடுவில் ஏற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இசிஜி எடுப்பதிலேயே நடக்கும் பிழைகளும் உண்டு. வி1, வி2 இரண்டும் நெஞ்செலும்பின் இரு பக்கமும் நான்காவது விலா இடைவெளியில் வர வேண்டும். அவசரத்தில் இரண்டாவது இடைவெளியில் ஒட்டிவிடுவது சகஜம். அப்படிச் செய்தால் எப்போதோ மாரடைப்பு வந்து போனது போன்ற பொய்த் தோற்றம் கிடைக்கும். வலது கை, இடது கை கிளிப்புகள் மாறினால் முதல் கோணப் பதிவில் (லீட் 1) அலைகள் தலைகீழாகும். சென்னை வெயிலில் வியர்த்த உடம்பில் எலக்ட்ரோடு வழுக்கி, கோடு அலை அலையாக ஓடும். துண்டால் துடைத்து, மார்பு முடி அடர்த்தியாக இருந்தால் மழித்து, கை கால் நடுங்காமல் போர்வை போர்த்தி எடுத்தால் சரியாகிவிடும். மேலே இயந்திரம் அச்சடிக்கும் ‘அப்நார்மல்’ என்ற வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ‘நார்மல்’ என்ற வரியைப் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். அது மருத்துவர் எழுதியது இல்லை.

ஒரு வேலை மட்டும் இன்றே செய்யுங்கள். வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்களின் நல்ல நேரத்து இசிஜி ஒன்றைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். புதிய மாற்றமா, பழையதா என்று ஒப்பிட அதைவிட உதவியானது எதுவும் இல்லை. அந்தத் தாள் வெப்பத்தால் அச்சாகும் தாள். வருடம் ஆக ஆக எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும்.

வாயு வலியா, நெஞ்சு வலியா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிட்டால் வாயுதானே?
— வாசகி, மயிலாப்பூர்

இல்லை அம்மா. ஜெலுசிலோ ஓமத் தண்ணீரோ குடித்ததும் வலி அடங்கியது என்பதை வைத்து இதயத்தை விலக்கி வைக்க முடியாது. மாரடைப்பு வலியும் தானே கொஞ்ச நேரம் தணியும். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு ஏற்பட்டால் குமட்டல், வாந்தி, மேல்வயிற்று வலி, ஏப்பம் எல்லாம் வரும். ‘சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, லேசாச்சு’ என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வதில்தான் எத்தனையோ பேருக்கு நேரம் கை நழுவிப் போகிறது.

மருத்துவர் முதலில் கேட்பது மூன்று விஷயங்கள். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம், பாரம் போல இருக்கிறதா? நடந்தால், படி ஏறினால், கோபப்பட்டால் வருகிறதா? நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் போய்விடுகிறதா? மூன்றும் ஆம் என்றால் அது இதயக் குழாய்ச் சுருக்கத்தின் வலிதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டு ஆம் என்றால் சந்தேகம். ஒன்றோ, ஒன்றும் இல்லையோ என்றால் வேறு காரணம் தேட வேண்டும். இந்த மூன்று கேள்விக்குச் செலவே இல்லை. அடுத்து எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை முடிவு செய்வது இவைதான். அதனால் மருத்துவரிடம் போகும்போது ‘நெஞ்சு வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நாளாக, எவ்வளவு தூரம் நடந்தால், எத்தனை நிமிடம், எங்கே பரவுகிறது என்று சொல்லுங்கள். ‘போன மாதம் குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடந்தேன், இப்போது அரைச் சுற்றிலேயே நிற்க வேண்டியிருக்கிறது’ என்று நீங்கள் சொன்னால், ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவின் ரிப்போர்ட்டைவிட அது எங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய குத்தல், ஒரு விநாடி மின்னி மறைவது, அழுத்தினால் கூடுவது, மூச்சை இழுத்தாலோ திரும்பிப் படுத்தாலோ மாறுவது — இவை இதய வலியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள், முதியவர்கள், பெண்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். இவர்களுக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சிரைப்பு, தாடை வலி, தோளுக்கு நடுவில் முதுகு வலி, காரணமில்லாத அசதி, குளிர்ந்த வியர்வை என்று வரலாம். உட்கார்ந்திருக்கும்போது வந்த நெஞ்சு அழுத்தம் 10, 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வாயுவா என்ற விசாரணையே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது? சார்பிட்ரேட் நாக்கின் அடியில் வைக்கலாமா? இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
— வாசகர், அம்பத்தூர்

இருமல் விஷயம் பொய். அதை அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.

நோயாளி நடக்கக் கூடாது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்குங்கள். தானே ஸ்கூட்டரோ காரோ ஓட்டிக்கொண்டு போகவே கூடாது, வழியில் மயங்கினால் இன்னும் சிலரும் சேர்ந்து அடிபடுவார்கள். சாய்ந்து உட்கார வைத்து, கேட்டைத் திறந்து, தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகள், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருந்தால் அங்கே போய் அலைய வேண்டாம்.

ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க வேண்டும். வீட்டில் இருப்பது 75 மி.கி. என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு. முழுதாக விழுங்கினால் மேல்பூச்சு கரைந்து வேலை செய்ய நேரமாகும், அதனால்தான் மெல்லச் சொல்கிறோம். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண்ணிலிருந்து ரத்தக்கசிவு, அண்மையில் மூளையில் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நெஞ்சு வலி முதுகைக் கிழிப்பது போல திடீரென உச்சத்தில் வந்தாலும் வேண்டாம். அது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்ததாக இருக்கலாம்.

ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரையான சார்பிட்ரேட் வேறு கதை. ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் 5 மி.கி. ஒன்று, உட்கார்ந்த நிலையில், நாக்கின் அடியில் வைக்கலாம். பக்கத்து வீட்டு மாமா கொடுத்தது என்றால் வேண்டாம். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். இதயத்தின் வலது அறையைத் தாக்கிய மாரடைப்பில் அந்த இறக்கமே ஆளைக் கவிழ்த்துவிடும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள்ளோ, டடலாஃபில் 48 மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட் தொடவே கூடாது. வெட்கப்பட்டு மறைக்காமல் ஆம்புலன்ஸ் பணியாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ல் தொடங்கியது. இதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மருந்தாக 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. ‘இத்தனை மாத்திரையா’ என்று மிரள வேண்டாம். எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மாத்திரை அடைப்பைத் திறக்காது, அது வளராமல் பார்த்துக்கொள்ளும்.

திறப்பதற்கு இரண்டு வழி. கேத் லேப்பில், அதாவது ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், பலூன், ஸ்டென்ட் வைப்பது ஒன்று. மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி. வலி தொடங்கிய 12 மணி நேரம்வரை அதைப் போடலாம் என்றாலும் முதல் 3 மணி நேரத்தில்தான் முழுப் பலன். அதனால் ‘நம்ம டாக்டர்’ இருக்கும் இடத்தைத் தேடி அண்ணா சாலை நெரிசலில் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம். கேத் லேப் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைதான் உங்கள் மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் ஆகியவற்றில் இதயப் பிரிவு உண்டு. உங்கள் வீட்டுக்கு எது பக்கம், ராத்திரியிலும் கேத் லேப் இயங்குமா என்று நல்ல நாளிலேயே விசாரித்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டால் அது இதயம் நின்ற நிலை. தரையில் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரு கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். மெத்தை மேல் அழுத்தினால் பலன் இல்லை. வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், கை தளர்ந்தால் ஆழம் குறைந்துவிடும்.

எக்கோவில் ‘இஎஃப் 60 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. மீதி 40 சதவீத இதயம் பழுதா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
— வாசகி, தாம்பரம்

நிம்மதியாகத் தூங்குங்கள். 60 என்பது மிக நல்ல அளவு. நிரம்பிய இதய அறையிலிருந்து ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்த எண். 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியேறினால் 58 சதவீதம். எந்த நல்ல இதயமும் முழுதாகக் காலியாவதில்லை. தோராயமாக 55 முதல் 70 வரை இயல்பு. 40-ம் அதற்குக் கீழேயும் என்றால் இதயத்தின் தள்ளும் திறன் குறைந்துவிட்டது என்று பொருள், மருந்துகள் மாறும். கண்ணால் அளவிடுவதால் ஒருவர் 55 என்பார், இன்னொருவர் 60 என்பார். ஐந்து புள்ளி வித்தியாசத்துக்குக் கலங்க வேண்டாம்.

இதே ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வேறு சொற்களும் வரும். ‘டிரிவியல் டிஆர்’, ‘டிரிவியல் எம்ஆர்’ என்றால் வால்வில் பொட்டளவு கசிவு. ஆரோக்கியமான பலருக்கும் இருக்கும். ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்பது அறுபதைத் தொட்டவர்களின் ரிப்போர்ட்டில் சாதாரணமாக வரும். இதயம் தளர்ந்து விரிவதில் கொஞ்சம் விறைப்பு. பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் போதும். ‘ஆர்டபிள்யூஎம்ஏ’ என்ற சொல்லுக்கு மட்டும் முன்னால் ‘நோ’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இதயச் சுவரின் ஒரு பகுதி சரியாக அசையவில்லை என்று அர்த்தம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. எக்கோ நன்றாக இருப்பதால் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று ஆகாது. 80 சதவீத அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் எடுத்த எக்கோ கச்சிதமாக இருக்கலாம்.

எனக்கு 44 வயது. வலி எதுவும் இல்லை. ஆபீஸ் மாஸ்டர் செக்கப்பில் ட்ரெட்மில் ‘பாசிட்டிவ்’ என்று வந்து, ஆஞ்சியோ செய்யச் சொல்கிறார்கள். செய்யணுமா?
— வாசகி, சோழிங்கநல்லூர்

வலியே இல்லாத, ஆபத்துக் காரணிகள் அதிகம் இல்லாத நடுவயதுப் பெண்ணுக்கு ட்ரெட்மில் பாசிட்டிவ் என்றால், அது பொய்யான பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பே அதிகம். இதயச் சோதனைகளில் இதைப் போல தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறு இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஓடும் பட்டையில் நடக்க வைத்து இசிஜி எடுக்கும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் புரூஸ் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றம். அடுத்து 4 கி.மீ., 12 சதவீதம். மூன்றாவது 5.5 கி.மீ., 14 சதவீதம். 220-லிருந்து வயதைக் கழித்தால் வரும் நாடித்துடிப்பில் 85 சதவீதத்தை எட்ட வேண்டும். உங்களுக்கு அது சுமார் 150. எட்டாமல் நிறுத்தினால் ‘நெகட்டிவ்’ என்ற முடிவுக்கும் மதிப்பில்லை. முழங்கால் வலியால் நான்கு நிமிடத்தில் இறங்கியவரிடம் ‘நார்மல்’ என்று காகிதம் கொடுப்பது அவரை ஏமாற்றுவது போல.

இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் பெரிய அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் வரும் எஸ்டி பகுதி 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் தட்டையாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ இறங்கினால் பாசிட்டிவ். மேல்நோக்கி ஏறும் சரிவு அவ்வளவாகக் கணக்கில் வராது, ஆனால் சில ரிப்போர்ட்டுகளில் அதையும் பாசிட்டிவ் என்று எழுதிவிடுகிறார்கள். ரத்தசோகை, பிரஷரால் தடித்த இதயம், டிஜாக்சின் என்ற இதய மாத்திரை எல்லாம் இதே மாற்றத்தைக் காட்டும்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை நிமிடம் ஓடினேன்? நெஞ்சில் வலி வந்ததா? பிரஷர் இறங்கியதா? மாற்றம் எந்தக் கட்டத்தில் வந்தது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் இருந்தது? வலி இல்லாமல் 9 நிமிடம் ஓடி, கடைசியில் மட்டும் வந்து ஒரு நிமிடத்தில் மறைந்த மாற்றம் என்றால் அவசரமே இல்லை. ஆஞ்சியோ என்பது குழாய் செலுத்தி, சாய மருந்து விட்டு, இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது. சந்தேகம் தீர அதையே ஸ்கேனில் பார்க்கும் சிடி ஆஞ்சியோகிராம் பொருத்தமானது. கையில் ஊசி மட்டும், குழாய் செலுத்துவது இல்லை. நாடி 60 பக்கத்தில் இருந்தால்தான் படம் தெளிவாக வரும், அதற்காக மாத்திரை கொடுத்து நாடியைக் குறைப்பார்கள். சாய மருந்து போடுவதால் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் முன்கூட்டிப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்திலேயே வலியோடு மாற்றம் வந்து, பிரஷரும் இறங்கியிருந்தால் நேராக ஆஞ்சியோதான், தள்ளிப்போடக் கூடாது.

ஓய்விலேயே வலி இருப்பவர்கள், மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் ட்ரெட்மில்லில் ஏறவே கூடாது. ‘எல்பிபிபி’ (இதயத்தின் இடது பக்க மின்பாதையில் தடை) என்று இசிஜியில் இருப்பவர்களுக்கு ட்ரெட்மில் எடுத்தாலும் கோட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் வந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகர், அண்ணா நகர்

சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ குடும்பத்தில் இளவயது மாரடைப்போ இருந்தால் நிறுத்தக் கூடாது. இது இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பை சிடி ஸ்கேன் படத்தில் அளக்கும் எண். பூஜ்யம் என்றால் சுண்ணாம்பு படிந்த அடைப்பு இல்லை. சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்பு மேடு இந்தப் படத்தில் தெரியாது. வெடித்து மாரடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த மென்மையான மேடுதான். 100-க்கு மேல் வந்தவர்கள் மாத்திரை தொடங்க வேண்டும், 400-க்கு மேல் என்றால் கண்டிப்பான கவனிப்பு. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்தப் படத்தால் பயனில்லை.

பிரஷர் டாக்டரிடம் 158/96, வீட்டில் 128/80. எது உண்மை?
— வாசகர், திருவான்மியூர்

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வெள்ளை கோட்டைப் பார்த்ததும் ஏறும் பிரஷர் உண்டு. ஆனால் முதலில் அளந்த விதத்தைச் சரிபார்ப்போம். பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மாடி ஏறி, டோக்கன் கூப்பிட்டதும் உட்கார்ந்து, பேசிக்கொண்டே அளந்தால் எண் கூடத்தான் கூடும்.

காபி, சிகரெட் அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரு பாதமும் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசை மேல், கையில் சுற்றும் பட்டி இதய உயரத்தில். தொங்கும் கையில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கி மேலே தள்ளுவதும் தப்பு, கழற்றிவிடுங்கள். பட்டியின் உள்ளே காற்று நிரம்பும் பை உங்கள் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் இல்லாத பிரஷர் வரும். கடையில் கருவி வாங்கும்போது கைச் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள், மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம். முதல் முறை இரு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அதிலேயே தொடருங்கள்.

ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரி எடுங்கள். 135/85-க்குக் கீழே என்றால் வீட்டு அளவில் சரி. குறிப்பேட்டில் ‘நல்ல’ எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வந்ததை அப்படியே எழுதுங்கள்.

ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம். எல்டிஎல் 96. லேப் ரிப்போர்ட்டில் ‘100-க்குக் கீழ் நார்மல்’ என்று இருக்கிறது. ஆனால் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஏன்?
— வாசகர், கொளத்தூர்

எல்டிஎல் என்பது கெட்ட கொலஸ்ட்ரால். லேபில் அச்சிட்டிருப்பது ஊர் மக்கள் எல்லாருக்குமான அளவு. மாரடைப்போ ஸ்டென்ட்டோ கண்டவருக்கு இலக்கு வேறு. 70-க்குக் கீழே கட்டாயம், 55-க்குக் கீழே இருந்தால் நல்லது. உங்கள் மருத்துவர் சரியாகச் செய்திருக்கிறார். மாத்திரை மாற்றி 4 முதல் 12 வாரத்தில் மறுபடி பாருங்கள். பல லேபுகளில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும், இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்கம். ஆஞ்சியோவில் ஒரு குழாயில் 75 சதவீத பிளாக். உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் எந்நேரமும் அட்டாக் வரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகி, வியாசர்பாடி

நடந்தால் மட்டும் வந்து, நின்றால் போகும், மாதக்கணக்கில் ஒரே அளவில் இருக்கும் வலிக்கு அவசர ஸ்டென்ட் தேவையில்லை. 2007-ல் வெளியான கரேஜ் ஆய்வும், 2020-ல் வெளியான, 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வும் இதைத்தான் சொல்கின்றன. இப்படி நிலையான வலி உள்ளவர்களுக்கு முறையான மருந்தோடு முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்ததால் மரணம் குறையவில்லை. வலி நன்றாகக் குறைந்தது. ஆகவே மருந்து சரியாகச் சாப்பிட்டும் வலி அவரை முடக்கினால் ஸ்டென்ட் வைக்கலாம். அது வலிக்கான வைத்தியம் என்று தெரிந்து வையுங்கள்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. இடது பிரதானக் குழாயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, இஎஃப் மிகக் குறைவு, ஓய்விலும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி — இவற்றில் காத்திருக்கக் கூடாது. அண்ணனுக்கு எந்தக் குழாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுத்தர அடைப்பு என்றால் குழாய்க்குள் அழுத்தம் அளக்கும் எஃப்எஃப்ஆர் சோதனை உண்டு. 0.80 அல்லது அதற்குக் கீழ் வந்தால்தான் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை நிஜமாகத் தடுக்கிறது. கண்ணுக்கு 70 சதவீதமாகத் தெரியும் சில அடைப்புகள் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

அம்மாவுக்கு ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. கால் வீங்குகிறது. ஆஸ்துமாவா?
— வாசகர், ராயபுரம்

முதலில் இதயத்தைப் பாருங்கள். எத்தனை தலையணை வைத்தால் தூக்கம் வருகிறது என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்தால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் இதயச் செயலிழப்பு என்ற சந்தேகம் வலுக்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மேல் கட்டை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள், குழி நிற்கிறதா? இதையெல்லாம் மருத்துவரிடம் சொன்னால் கழுத்து ரத்தக்குழாயின் புடைப்பு உயரமும் நுரையீரல் ஒலியும் பார்த்து, இசிஜி, எக்கோ, இதயம் திணறுவதைக் காட்டும் பிஎன்பி ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

இதயச் செயலிழப்பு என்று உறுதியானால், எடை பார்க்கும் கருவிதான் வீட்டில் முக்கியமான பரிசோதனை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் தினமும் எடை. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர், சதை இல்லை. அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் நான்கும் தட்டிலிருந்து போக வேண்டும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, நன்றாக இருந்தவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். இதை யாரும் எழுதிக் கொடுக்காமலே வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

35 வயது, ஐடி வேலை. வருஷா வருஷம் எக்கோவும் ட்ரெட்மில்லும் எடுக்க வேண்டுமா?
— வாசகர், பெருங்குடி

அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் வேண்டாம். அந்தப் பணத்தில் பிரஷர், மூன்று மாதச் சர்க்கரை சராசரியான எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள் பாருங்கள். ஆயுளில் ஒரே ஒரு முறை லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புப் புரதத்தையும் பாருங்கள், அது பரம்பரையாக வருவது. தொப்புள் பக்கமாக இஞ்சு டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபின் அளங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்ததா என்று விசாரித்து வையுங்கள். இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பின் நடு வயது தெற்காசியாவில் 53, மற்ற நாடுகளில் சுமார் 59 என்று தெரிந்தது. அதனால் ‘இன்னும் வயசாகலையே’ என்று நாம் சொல்ல முடியாது. சிகரெட் பிடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விடுவதுதான்.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம். பல் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது என்று ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள்.
— வாசகி, வேளச்சேரி

நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து, ஒரே நாளில் குழாய் முழுதாக மூடிக்கொள்ளக்கூடும். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் பொதுவாக 12 மாதம், திட்டமிட்டு வைத்தது என்றால் 6 மாதம் இரண்டு மாத்திரையும் தேவை. ஒரு பல் பிடுங்குவதை மாத்திரை நிறுத்தாமலே செய்யலாம். பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் ரத்தம் நின்றுவிடும். பல் மருத்துவரிடம் உங்கள் இதய மருத்துவரின் எண்ணைக் கொடுத்து, இருவரையும் பேசச் சொல்லுங்கள். காலை நேரத்தில் நாள் குறித்துக்கொண்டால், வீடு திரும்பியபின் கசிந்தாலும் பகலிலேயே மறுபடி போய்க் காட்டிவிடலாம்.